வீட்டுக்கு முன்னே பாதை வரட்டும்

தோட்டத் தலைவர், தலைவிமாருக்காக நமது சங்கம் மட்டக்களப்பில் நடத்திய இரண்டு நாள் முகாமின் இறுதி அமர்வில் ஆற்றிய உரை. பேசியவர் தோட்டப் பாடசாலை ஆசிரியை, சங்கத்தின் அமைப்பாளர்.



பகல் சாப்பாட்டுக்குப் பிறகு பேச வருகிறவர் பாடு எப்போதும் கஷ்டம். நீங்கள் எல்லோரும் விடியுமுன்னே எழும்பிப் பழகினவர்கள். இந்த நேரத்தில் கண் சொருகத்தான் செய்யும். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

நேற்றுக் காலையில் நாம் திராய்மடுவுக்குப் போய்ப் பார்த்தோம். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரு தலைவர் என்னிடம் கேட்டார்: "ஏன் டீச்சர், வீட்டப் பத்திப் பேசணும்னு கூட்டிக்கிட்டு வந்து, கானையும் மதகையும் காட்டுறீங்களே?" பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அது சரியான கேள்வி. அதற்குப் பதில்தான் இன்றைய என் பேச்சு.

2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் இந்தக் கரைக்குள் ஏறியது. நாவலடி, திருச்செந்தூர், டச்பார், கல்லடி என்று கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருந்த ஊர்கள் அழிந்தன. அதன் பிறகு அரசாங்கம், கிழக்கிலும் வடக்கிலும் கரையிலிருந்து 200 மீட்டருக்குள்ளும், தெற்கிலும் மேற்கிலும் 100 மீட்டருக்குள்ளும் வீடு கட்டக் கூடாது என்று சொன்னது. பின்னால் அந்த விதி தளர்ந்தது. ஆனால் அதற்குள் பல குடும்பங்களுக்கு வேறு இடம் பார்க்க வேண்டியதாயிற்று. மட்டக்களப்பு நகரத்துக்கு வடக்கே அரச காணி இருந்தது. அதுதான் திராய்மடு.

வீடு கட்டித் தருகிறோம் என்று நாடு நாடாக வந்தார்கள். சுவிஸ் கிராமம் என்று ஒரு பகுதிக்கு இன்றும் பெயர் இருக்கிறது. வீட்டுக்குப் பணம் கிடைத்தது. ஆனால் கொடுத்த நிலம் தாழ்நிலம். மாரியில் தண்ணீர் நிற்கும் இடம். மண்ணும் கிறவலும் கொட்டி உயர்த்தாமல் அதில் அத்திவாரம் வைக்க முடியாது. பாதை இல்லாமல் கல்லும் மணலும் போக முடியாது. வடிகான் இல்லாமல் வீடு கட்டினால் மழைக்கு முற்றம் குளமாகும். சுவரையும் கூரையையும் கட்ட ஆள் இருந்தது. நிலத்தை நிரப்புவதும் தண்ணீருக்கு வழி வெட்டுவதும் யாருடைய வேலை, யாருடைய பணம் என்பதில் காலம் போனது. அந்தக் காலமெல்லாம் சனங்கள் தற்காலிகக் கொட்டிலில் இருந்தார்கள். நேற்று ஓர் அம்மா தன் முற்றத்தில், மழைக்கு எதுவரை தண்ணீர் ஏறும் என்று கை வைத்துக் காட்டினாரே, அதைப் பார்த்தீர்கள்.

இன்னொன்றும் பார்த்தீர்கள். இன்று மாவட்டச் செயலகத்தின் புதுக் கட்டடமே திராய்மடுவில்தான் இருக்கிறது. ஒரு காலத்தில் யாரும் குடியிருக்க நினைக்காத காணி, பாதையும் கானும் கரண்டும் வந்த பிறகு நகரத்தின் ஒரு பகுதியாகிவிட்டது. காணி அதே காணிதான். அதற்குள் பொதுப் பணம் போனது, அது குடியிருக்கும் நிலமானது.

நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். காணி என்று காகிதத்தில் எழுதிக் கொடுத்தால் அது வீட்டு நிலம் ஆகிவிடாது. பாதை, வடிகான், தண்ணீர், மின்சாரம், சரிவுக்குப் பாதுகாப்பு இவை ஐந்தும் வந்தால்தான் அது வீட்டு நிலம். இந்த ஐந்தையும் ஒரு குடும்பம் தன் சம்பளத்தில் செய்ய முடியாது. அதற்குப் பொதுப் பணம் வேண்டும். அந்தப் பணத்தை நாம் வீட்டுப் பணத்திலிருந்து பிரித்து, வீட்டுக்கு முன்னே, எழுத்தில் கேட்க வேண்டும்.

இந்த ஊர் மக்களுக்கு இது நம்மைவிட நன்றாகத் தெரியும். வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. நெல் விளைவது பெரும்பாலும் படுவான்கரையில். ஆஸ்பத்திரி, கச்சேரி, பெரிய கடை எல்லாம் எழுவான்கரையில். நடுவில் தண்ணீர். ஆளையும் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கிற மிதவைக்கு இங்கே என்ன பெயர் தெரியுமா? "பாதை." குருமண்வெளியில் பாதை ஏறினால் மண்டூர். மண்முனையிலும் ஒரு காலம் அப்படித்தான். 2014இல் ஜப்பான் அரசின் உதவியோடு அங்கே பாலம் திறந்தார்கள். அதற்குப் பிறகு படுவான்கரையில் இருக்கிறவர் இரவில் நோயாளியைக் கொண்டுபோக மிதவைக்காரரைத் தேட வேண்டியதில்லை. அங்கே கல், சீமெந்து கொண்டுபோகவும் லொறி நேரே போகலாம். அந்தப் பாலத்துக்காக எந்த வீட்டுக்காரரின் வீட்டுக் கடனிலும் கை வைக்கவில்லை. பாலம் பொதுச் சொத்து, பொதுப் பணம்.

இப்போது நம் மலைக்கு வருவோம்.

மாடி லயம் வேண்டாம், தனி வீடு வேண்டும், காணி நம் பெயரில் வேண்டும் என்று கேட்டோம். 2015க்குப் பிறகு ஏழு பேர்ச் காணியில் தனி வீடு என்பது நடைமுறைக்கு வந்தது. இந்திய அரசின் உதவியில் முதலில் 4,000 வீடுகள். 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் வந்து இன்னும் 10,000 வீடுகள் என்று அறிவித்தார். நாமும் கை தட்டினோம். தட்ட வேண்டிய விஷயம்தான்.

ஆனால் அந்த ஏற்பாட்டை உன்னிப்பாகப் பாருங்கள். வீட்டுக்கான பணம் இந்தியாவின் நன்கொடை. காணியும் பாதை, தண்ணீர், மின்சாரம் முதலான உட்கட்டமைப்பும் இலங்கை அரசின் பொறுப்பு. வீட்டுக் கணக்கு எல்லோர் வாயிலும் இருக்கிறது. எத்தனை வீடு, எத்தனை சதுர அடி, எத்தனை லட்சம் என்று சின்னப் பிள்ளையும் சொல்லும். பாதைக் கணக்கு யார் வாயிலும் இல்லை. நாமும் கேட்பதில்லை. கேட்காத பணம் கடைசியில்தான் வரும். சில இடங்களில் வராமலே போகும்.

நான் சங்க வேலையாகப் போய்வருகிற ஒரு தோட்டம். பெயர் வேண்டாம். வீடுகள் கட்டி, நிறம் அடித்து, திறப்பு விழாவும் வைத்தார்கள். ஒரு வருடம் கழித்துப் போனேன். பாதி வீட்டில் பூட்டுத் தொங்கியது. குடும்பங்கள் பழையபடி லயத்துக் காம்பராவில். "ஏன் அக்கா, சொந்த வீட்டை விட்டுட்டு இங்கயே இருக்கீங்க?" என்று கேட்டேன். "அங்க தண்ணி இல்ல டீச்சர். பீலி கீழ இருக்கு. மலைக்குப் போய்ட்டு வந்து, ரெண்டு குடம் தண்ணியத் தூக்கிக்கிட்டு ஏற என்னால முடியல" என்றார். சீமெந்து லொறி போன மண் தடம்தான் அங்கே பாதை. அடுத்த மழையில் அதையும் தண்ணீர் அறுத்துக்கொண்டு போயிருந்தது. ஒரு இரவு அந்த வீடுகளில் ஒன்றிலிருந்து ஒரு பிள்ளைத்தாய்ச்சியைக் கம்பளியில் வைத்து நாலு பேர் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். ஆட்டோ மெயின் ரோட்டில் நின்றது. தாயும் பிள்ளையும் நல்லபடியாக இருக்கிறார்கள். அந்த இரவு மழை பெய்யவில்லை, அதனால் இருக்கிறார்கள். மழை பெய்யாது என்று நம்பி ஒரு வீட்டுத் திட்டம் போட முடியுமா?

இது ஏன் இப்படி நடக்கிறது? ஒரு காரணம் சட்டத்தில் இருந்தது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டங்களைச் சபையின் வேலைகளுக்கு வெளியே வைத்திருந்தது. நாம் ஓட்டுப் போடலாம். நம் ஓட்டில் தலைவர் ஆனவர்கள் உண்டு. ஆனால் அந்தத் தலைவர், தோட்டத்துக்குள் இருக்கிற பாதைக்குச் சபைப் பணத்தில் ஒரு லோட் கிறவல் கொட்ட வேண்டும் என்றால் சட்டம் குறுக்கே நின்றது. பக்கத்துக் கிராமத்துக்குக் கொங்கிறீட் பாதை வரும். தோட்டத்து எல்லையில் அது நிற்கும். முப்பது வருடங்களுக்கு மேலாக இப்படி இருந்து, 2018இல்தான் சட்டத்தைத் திருத்தினார்கள். அதே வருடம் மலையகத்துக்குப் புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகார சபைக்கும் சட்டம் வந்தது. இன்று பெருந்தோட்ட அமைச்சின் பெயரிலேயே "சமூக உட்கட்டமைப்பு" என்ற சொல் இருக்கிறது. ஆகவே "தோட்டத்துக்குள்ள நாங்க செலவழிக்க முடியாது" என்று யாராவது சொன்னால், அந்தப் பழைய பதில் இனிச் செல்லாது. தலைவர்மார் இதை மனதில் வையுங்கள்.

இன்னொரு காரணம் நம் கணக்கில் இருக்கிறது. ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு கணக்குக் கொடுத்தேன். ஒரு ஏக்கர் 160 பேர்ச். ஒரு வீட்டுக்கு ஏழு பேர்ச். ஒரு ஏக்கரில் எத்தனை வீடு? எல்லோரும் 160ஐ ஏழால் பிரித்து 22 என்று எழுதினார்கள். பின்வாங்கில் இருந்த ஒரு பெண்பிள்ளை மட்டும் எழுதாமல் இருந்தாள். "ஏன் எழுதல?" என்றேன். "டீச்சர், பாதைக்கு எடம் விடலியே" என்றாள்.

அன்றைக்கு அந்தக் கணக்கைக் கரும்பலகையில் திரும்பப் போட்டோம். நீங்களும் கேளுங்கள். ஒரு பேர்ச் ஏறக்குறைய 272 சதுர அடி. ஏழு பேர்ச் என்றால் 1,905 சதுர அடி. 35 அடி முகப்பு, 54 அடி உள்ளே என்று வைப்போம். பாதையின் இரண்டு பக்கமும் பத்துப் பத்து வீடு, ஆக 20 வீடு. பத்து வீட்டுக்கு 350 அடி நீளப் பாதை வேண்டும். இரண்டு பக்கக் கானோடு 15 அடி அகலம். அந்தப் பாதைக்கு மட்டும் 19 பேர்ச் போகிறது. வீடுகளுக்கு 140 பேர்ச். கூட்டினால் 159. ஏக்கர் முடிந்துவிட்டது! கோயிலுக்கு, பிள்ளைக் காம்பராவுக்கு, தண்ணீர் டேங்கிக்கு, பிள்ளைகள் பந்தடிக்க ஒரு துண்டு நிலமும் இல்லை. இதுவும் மட்டக்களப்பு மாதிரிச் சம நிலத்தில். நம் மலைச் சரிவில் படி வெட்ட வேண்டும், அணைச் சுவர் கட்ட வேண்டும், மேல் தண்ணீரைத் திருப்பிவிடக் கான் வெட்ட வேண்டும். எண்ணிக்கை இன்னும் குறையும். காணி கொடுக்கும்போதே இந்த இடத்தை ஒதுக்காவிட்டால் பிறகு யார் வீட்டு முற்றத்தை வெட்டிப் பாதை போடுவது? அங்கேதான் அயல் வீட்டுச் சண்டை தொடங்குகிறது.

சிலர் கேட்பார்கள், ஏழு பேர்ச் போதாது, பத்து வேண்டும், இருபது வேண்டும் என்று. நியாயமான கேள்வி. ஒரு காய்கறிப் பாத்தி, ஒரு மாட்டுக் கொட்டில் வைக்க ஏழு பேர்ச் பற்றாது. ஆனால் காணி பெரிதாகும்போது பாதையும் குழாயும் கம்பியும் நீளும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். காணியைக் கூட்டிக் கேட்கிறவர் பாதைப் பணத்தையும் கூட்டிக் கேட்க வேண்டும்.

அடுத்தது, எந்தக் காணி என்பது. நம் தோட்டங்களின் நிலம் 1972இலும் 1975இலும் வந்த காணிச் சீர்திருத்தத்தோடு அரசுடைமையானது. 1992இல் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது. குத்தகை 2045 வரை. ஆக, நிலம் இன்றும் அரசின் நிலம்தான். கம்பனி குத்தகைக்காரர். வீட்டுக்குக் காணி விடுவிக்க வேண்டும் என்றதும் நமக்கு என்ன இடம் காட்டுகிறார்கள்? தேயிலை பட்டுப்போன மூலை, புல்லு மலை, ஓடைக்கு மேலே செங்குத்தான துண்டு. மெயின் ரோட்டில் இருந்து ஒரு மைல். கம்பனிக்கு அது நட்டமில்லாத காணி. ஆனால் பொதுப் பணத்துக்கு அது நட்டம். எப்படி என்று பாருங்கள்.

ஒரு மைல் 5,280 அடி. இருபது வீட்டுக்காக ஒரு மைல் பாதை போட்டால், ஒரு வீட்டுக்கு 264 அடிப் பாதை. ரோட்டோரத்தில் ஒரு ஏக்கர் தந்திருந்தால், உள்பாதை 350 அடிதான். ஒரு வீட்டுக்குப் பதினேழரை அடி. தண்ணீர்க் குழாயும் மின் கம்பியும் இதே மாதிரித்தான். தூரத்துக் காணி சும்மா கிடைக்கிறது போலத் தெரியும். அதில் குடியிருக்க வைப்பதற்குள் அரசாங்கத்தின் பணம் பல மடங்கு போகும். அல்லது போகாது, பாதை இல்லாமலே வீட்டைத் திறந்து வைப்பார்கள். காணி தெரிவு செய்யும் நாளிலேயே பாதைச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், ரோட்டோரக் காணிதான் மலிவு என்று அதிகாரிகளுக்கே தெரியும். பாதைக் கணக்கைக் கேட்பது, நல்ல காணியைக் கேட்பதற்கு நமக்கு இருக்கிற மிகப் பெரிய ஆயுதம்.

இது உயிர்ப் பிரச்சினையும் கூட. 2014 அக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. அதற்கு முன்பே அந்த இடம் ஆபத்து என்று எச்சரிக்கை வந்திருந்தது. போங்கள் என்றார்கள். எங்கே போவது? ஆயத்தமான நிலம் இல்லை. தப்பியவர்கள் பழைய தேயிலைத் தொழிற்சாலையில் இருந்தார்கள். புது வீடு 2016இல்தான் கைக்கு வந்தது. பதினோரு வருடம் கழித்து, 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல். மறுபடியும் மலை சரிந்தது, மறுபடியும் நம் சனம் பாடசாலைகளில் படுத்தது. நான் படிப்பிக்கிற வகுப்பறை மேசைகளை நானே ஒதுக்கிவைத்துப் பாய் விரித்தேன். எந்த இடம் ஆபத்து என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சொல்லும். எந்த இடம் ஆயத்தமாக இருக்கிறது என்று சொல்ல யாரும் இல்லை, ஏனென்றால் முன்கூட்டியே யாரும் எதையும் ஆயத்தம் செய்யவில்லை. ஆபத்து வந்த பிறகு நிலம் தேடினால் ஆபத்தான நிலம்தான் கிடைக்கும்.

புயலுக்குப் பிறகு இன்னொரு பேச்சும் எழும்பியது. மலையில் ஏன் சாக வேண்டும், வடக்குக்கும் கிழக்குக்கும் வந்து குடியேறலாமே என்று. அந்தப் பேச்சைக் காதில் வாங்கித்தான் இந்த முகாமை இங்கே வைத்தோம். என் கருத்தைச் சொல்கிறேன். 1977 கலவரத்திலும் 1983 கலவரத்திலும் அடிபட்டு வடக்குக்கும் கிழக்குக்கும் வந்த நம் உறவுகள் இருக்கிறார்கள். காடு வெட்டி, கொட்டில் போட்டு, தண்ணீருக்கு நடந்து, பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்ப வழியில்லாமல் பட்ட பாட்டை அவர்களிடம் கேளுங்கள். விரும்பி வருகிறவருக்கு வர உரிமை உண்டு. அன்போடு கூப்பிட்டவர்களுக்கு நன்றி. ஆனால் வருகிறவரும் அதே ஐந்தைக் கேட்க வேண்டும்: பாதை எங்கே, வடிகான் எங்கே, தண்ணீர் எங்கே, கரண்ட் எங்கே, வெள்ளத்துக்குப் பாதுகாப்பு எங்கே? அதோடு வேலையும் எங்கே? நாவலடிக் கடற்றொழிலாளி திராய்மடுவுக்குப் போனபோது கடல் தூரமானது. கொழுந்து பறிக்கிற கைக்கு இங்கே என்ன வேலை என்பதற்குப் பதில் இல்லாமல் லொறி ஏறக் கூடாது. நம் தாத்தா பாட்டி காடழித்து உண்டாக்கிய மலையில் பாதுகாப்பான நிலம் இல்லவே இல்லை என்று யாரும் நிரூபிக்கவில்லை. அந்த நிலத்தை ஆயத்தம் செய்யப் பணம் ஒதுக்கவில்லை என்பதுதான் உண்மை.

"அரசாங்கத்திடம் பணம் இல்லை" என்பார்கள். கஷ்ட காலம் என்பது நமக்கும் தெரியும். ஆனால் இந்த மண்ணிலேயே ஒரு சரித்திரம் இருக்கிறது. 1949இல் கல்லோயாத் திட்டம் தொடங்கியபோது அம்பாறையும் மட்டக்களப்பு மாவட்டத்தில்தான் இருந்தது. அணை கட்டி, வாய்க்கால் வெட்டி, பாதை போட்டு, வீடு கட்டி, அதன் பிறகு ஆட்களைக் கொண்டுவந்து குடியேற்றினார்கள். அந்தத் திட்டம் யாருக்கு நிலம் கொடுத்தது, யாருடைய மனதில் காயம் வைத்தது, 1956இல் அங்கே என்ன நடந்தது என்பதை இந்த ஊர் உறவுகள் நம்மைவிட நன்றாகச் சொல்வார்கள். நான் சொல்வது ஒன்றுதான்: பொதுப் பணத்தில் முதலில் நிலத்தை ஆயத்தம் செய்வது எப்படி என்று இந்த அரசுக்கு அன்றே தெரியும். அதற்கு ஒரு வருடம் முன்னால், 1948இல், நம் குடியுரிமையைப் பறித்திருந்தார்கள். அந்த வரிசையில் நிற்கவே நமக்கு இடம் இருக்கவில்லை. இன்று நாம் குடிமக்கள். வரி கட்டுகிறோம். ஒரு பைக்கற் பிஸ்கட் வாங்கினாலும் கட்டுகிறோம். வெளிநாட்டிலும் இது புதிது இல்லை. வீட்டு நிலம் தடைப்பட்டுக் கிடக்கிற இடங்களில் பாதையும் குழாயும் போடுவதற்கென்றே இங்கிலாந்து அரசு 2016இல் 230 கோடி பவுண் தனி நிதி அறிவித்தது. பணக்கார நாட்டிலேயே அந்தச் செலவை வீட்டுக்காரர் தலையில் மட்டும் விட முடியவில்லை.

"சிரமதானம் செய்யுங்களேன்" என்றும் சொல்வார்கள். கோயில் வளவைத் துப்புரவாக்கச் சிரமதானம் செய்வோம். அணைச் சுவரைச் சிரமதானத்தில் கட்ட முடியாது. அது பொறியியலாளர் வேலை. பிழைத்தால் கீழ் வீட்டில் இருப்பவர் சாவார். அதே மாதிரி, பாதைச் செலவைக் கடனாக்கிச் சம்பளத்தில் பிடிப்பதற்கும் இடம் கொடுக்கக் கூடாது. முன்பு வீட்டுக் கடனைச் சம்பளத்தில் வெட்டினார்கள். கடன் கட்டி முடித்தும் உறுதி கைக்கு வராத குடும்பம் உங்கள் தோட்டத்திலேயே இருக்கும்.

ஊருக்குப் போய் என்ன செய்வது? ஒரு சீ.ஆர். கொப்பி வாங்குங்கள். அதில் ஐந்து கேள்வி எழுதுங்கள். அடிக்கல் வைக்க யார் வந்தாலும், மாலை போடுவதற்கு முன் இந்த ஐந்துக்கும் பதில் வாங்குங்கள்.

முதலாவது, காணி. எத்தனை பேர்ச், நில அளவை வரைபடம் எங்கே, அதில் பாதைக்கும் பொது இடத்துக்கும் விட்ட நிலம் எவ்வளவு, உறுதி எப்போது, அதில் கணவன் மனைவி இருவர் பெயரும் இருக்குமா?

இரண்டாவது, பாதுகாப்பு. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை எழுத்தில் இருக்கிறதா? அது சொன்ன கானும் சுவரும் வேலைத் திட்டத்தில் இருக்கிறதா?

மூன்றாவது, பாதையும் வடிகானும். எவ்வளவு பணம், எந்த அமைச்சு அல்லது சபை, எந்த வருடப் பாதீட்டில்? "பிறகு பார்ப்போம்" என்பது பதில் இல்லை.

நான்காவது, தண்ணீரும் மின்சாரமும். ஊற்று எது, வரட்சி மாதத்தில் அதில் எவ்வளவு தண்ணீர் வரும், கரண்ட் மீட்டர் வீட்டுக்காரர் பெயரில் வருமா? வரட்சிக் கணக்கை அதிகாரியிடம் மட்டும் கேட்காதீர்கள். குடம் தூக்குகிற பெண்களிடம் கேளுங்கள்.

ஐந்தாவது, பராமரிப்பு. வேலை முடிந்த பிறகு அந்தப் பாதையைப் பிரதேச சபை பொறுப்பேற்குமா? பொறுப்பேற்காத பாதை இரண்டு மாரிக்குத்தான் தாங்கும்.

வாயால் கேட்டுப் பதில் வராவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பிரதேச செயலகத்திலும் பிரதேச சபையிலும் அமைச்சிலும் தகவல் அலுவலர் ஒருவர் இருப்பார். எழுதிக் கொடுத்தால், தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். கடிதம் எழுதப் பயப்படாதீர்கள். தோட்டத்தில் ஓ.எல். படித்த பிள்ளை இல்லாத லயம் இன்று இல்லை. பிள்ளை எழுதட்டும், தலைவர் கையெழுத்துப் போடட்டும், ஒரு பிரதியைச் சங்கக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள். பத்துத் தோட்டத்துப் பதிலைச் சேர்த்து வைத்தால்தான், பாதீட்டுக்கு முன்னால் பேச்சுவார்த்தை மேசையில் நாம் தொகையாகக் கேட்கலாம். "எங்களுக்கு வீடு தாருங்கள்" என்று கேட்கிறவருக்கு வாக்குறுதி கிடைக்கும். "இந்தத் தோட்டத்தில், இந்த வரைபடத்தில், இத்தனை அடிப் பாதைக்கு, இந்த வருடம் ஒதுக்குங்கள்" என்று கேட்கிறவருக்கு ஆம் அல்லது இல்லை என்றுதான் பதில் சொல்ல முடியும். இல்லை என்றால் யார் சொன்னது என்றும் நமக்குத் தெரியும்.

பஸ்ஸில் கேள்வி கேட்ட அண்ணனுக்கு என் பதில் இதுதான். கானையும் மதகையும் ஏன் காட்டினேன் என்றால், வீடு கட்டும் முன் அவை வந்திருந்தால் நேற்று நாம் பார்த்த அந்த அம்மா தன் முற்றத்தில் தண்ணீர் ஏறும் உயரத்தைக் காட்டியிருக்க மாட்டார். இன்று இரவு மலை ஏறியதும், உங்கள் தோட்டத்தில் வீட்டுக்கு என்று காட்டிய இடத்தை நாளையோ ஞாயிற்றுக்கிழமையோ போய் நடந்து பாருங்கள். மெயின் ரோட்டில் இருந்து காலடி எண்ணிக்கொண்டு போங்கள். அந்த எண்ணைக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதுங்கள்.